பேராசிரியர் ஜே. சி. குமரப்பா: கணக்கும் மனச்சாட்சியும்

யட்டியாந்தோட்டை மக்களுக்குப் பொருளாதாரம் புதிய விடயமல்ல. இத்தொகுதியைப் பாராளுமன்றத்தில் பிரதிநிதித்துவம் செய்த கலாநிதி என். எம். பெரேரா நாட்டின் நிதியமைச்சராகவும் விளங்கியவர். உழைப்பவர் ஏன் வறியவராகவே இருக்கிறார் என்ற கேள்விக்கு அவர் மார்க்சிய வழியில் விடை தேடினார். அதே கேள்விக்குக் கிறிஸ்தவ விசுவாசத்தில் நின்று விடை தேடிய தமிழர் ஒருவரும் இருந்தார். அவரே பேராசிரியர் ஜே. சி. குமரப்பா. எங்கள் தங்கைமார் அவரை அறிந்திருக்க வேண்டும் என்பதற்காகவே நூற்றாண்டு மலரில் இக்கட்டுரை இடம்பெறுகிறது.

1892 ஜனவரி 4 ஆம் திகதி தஞ்சாவூரில் பிறந்த அவருக்குப் பெற்றோர் இட்ட பெயர் ஜோசப் செல்லத்துரை கொர்னேலியஸ். தந்தையார் அரசாங்கப் பொதுவேலைத் திணைக்களத்தில் பணிபுரிந்தார். வீட்டில் ஜெபமும் ஒழுங்கும் ஆங்கில நாகரிகமும் ஒன்றாக இருந்தன. இலண்டன் சென்று கணக்காய்வுத் துறையில் தேர்ச்சி பெற்ற அவர், 1919 இல் திரும்பிப் பம்பாயில் தொழில் செய்தார். நல்ல வருமானமும் மேல்நாட்டு உடையும் கொண்ட கனவானாக வாழ்ந்தார்.

1927 இல் ஐக்கிய அமெரிக்காவுக்குச் சென்றதே அவர் வாழ்க்கையின் திருப்பம். சிராக்கியூஸ் பல்கலைக்கழகத்தில் பட்டம் பெற்று, கொலம்பியா பல்கலைக்கழகத்தில் பேராசிரியர் செலிக்மனிடம் பொதுநிதியியல் படித்தார். அக்காலத்தில் தேவாலயமொன்றில் இந்தியாவின் வறுமையைப் பற்றிப் பேசினார். பத்திரிகையில் வந்த அந்தப் பேச்சைக் கண்ட செலிக்மன், அதையே ஆய்வுப் பொருளாகக் கொள்ளும்படி கூறினார். அரசாங்கத்தின் வரவு செலவுப் புத்தகங்களைப் புரட்டப் புரட்ட, ஏழைகளிடம் வாங்கிய வரி ஏழைகளுக்குச் செலவாகவில்லை என்பது அவருக்குத் தெளிவாயிற்று. படித்த கணக்கே அவரை விழிக்கச் செய்தது.

அந்த ஆய்வை அச்சிடும் நோக்குடன் 1929 மே மாதத்தில் சபர்மதி ஆச்சிரமத்துக்குச் சென்றார். சாணம் மெழுகிய தரையில், மரத்தடியில், ஒரு முதியவர் நூல் நூற்றுக்கொண்டிருந்தார். அவர்தான் காந்தியடிகள் என்று அறிந்ததும், மேல்நாட்டு உடையோடு இருந்த குமரப்பாவும் அதே தரையில் அமர்ந்தார். பின்னர் அந்த ஆய்வு காந்தியடிகளின் யங் இந்தியா பத்திரிகையில் தொடராக வெளிவந்தது. அவர் கதருக்கு மாறினார். கொர்னேலியஸ் என்பதை விடுத்துக் குடும்பத்தின் பழைய பெயரான குமரப்பாவை ஏற்றார். அவருடைய சகோதரர் பரதன் குமரப்பாவும் கல்விமானாக இருந்து இதே பணிக்கு வந்தவர்.

குஜராத் வித்தியாபீடத்தில் பேராசிரியரானபோது, மாணவர்களை அழைத்துக்கொண்டு மாத்தர் தாலுகாவின் 50 இற்கும் மேற்பட்ட கிராமங்களில் வீடு வீடாக வரவு செலவைக் கணக்கெடுத்தார். 1931 இல் வெளிவந்த அந்த அறிக்கை, குடியானவரின் வீட்டுக் கணக்கிலிருந்தே ஒரு நாட்டின் பொருளாதாரத்தை எழுதலாம் என்று காட்டியது.

விடுதலைப் போராட்டத்தில் பலமுறை சிறை சென்றார். சட்டமறுப்பு கிறிஸ்துவின் போதனைக்கு முரணானது என்று ஆங்கிலிக்கன் திருச்சபையின் தலைமை ஆயர் வெஸ்ற்கொற் கருதியபோது, குமரப்பா மரியாதையோடும் துணிவோடும் அதை மறுத்து எழுதினார். அநீதியான ஆட்சியோடு ஒத்துழைப்பதே கிறிஸ்துவுக்கு விரோதம் என்பது அவரது நிலைப்பாடு. திருச்சபையை விட்டு விலகி நின்று அவர் இதைச் சொல்லவில்லை. அதன் பிள்ளையாக நின்றே சொன்னார்.

1934 இல் தொடங்கிய அகில இந்தியக் கிராமக் கைத்தொழில் சங்கத்தை வார்தாவின் மகன்வாடியில் இருந்து நடத்தினார். கைக்குத்தரிசி, செக்கெண்ணெய், பனைவெல்லம், தேனீ வளர்ப்பு, கைக்கடதாசி ஆகியவற்றை அங்கு ஆராய்ந்தார்கள். ஒரு வீட்டின் அடுப்படியில் என்ன வேகிறது, விளக்கில் என்ன எரிகிறது என்பதும் அவருக்கு அரசியல்தான்.

1942 போராட்டத்தின் பின் ஜபல்பூர் சிறையில் இருந்தபோது இரு நூல்களை எழுதினார். ஒன்று நிலைத்த பொருளாதாரம் பற்றியது. மற்றையது இயேசுவின் போதனையும் வாழ்வும் பற்றியது. ஒரே சிறைவாசத்தில் இவ்விரண்டும் பிறந்தது தற்செயல் அல்ல. கொன்று தின்னும் புலி, தோட்டத்தைச் சூறையாடும் குரங்கு, தன் முயற்சியால் வாழும் உயிர், கூட்டுக்காக உழைக்கும் தேனீ, பலன் கருதாது குஞ்சுக்கு ஊட்டும் தாய்ப்பறவை என்று பொருளாதாரத்தை ஐந்து படிகளாக அவர் காட்டினார். மனித சமுதாயம் கடைசிப் படியை நோக்கி ஏற வேண்டும் என்றார்.

மலபாரில் நெல்வயல்கள் தென்னந்தோப்புகளாகி, தேங்காய் சவர்க்கார ஆலைக்குப் போனதை அவர் கண்டித்தார். சோற்றுக்குரிய நிலம் பிறருடைய வசதிக்குப் போய்விட்டது என்பதே அவர் வாதம். இறப்பரும் தேயிலையும் சூழ்ந்த நமக்கு இது விளங்காததல்ல. நம் முன்னோர் வெட்டிய பாலும் பறித்த கொழுந்தும் கப்பலேறின. அவர்கள் உண்ட அரிசி கப்பலில் வந்தது. இரண்டின் விலையும் அவர்கள் கையில் இருக்கவில்லை. விடியுமுன் எழுந்து சமைத்து, பிள்ளைகளை விட்டுவிட்டுப் பிரட்டுக்கு ஓடிய தாய்மாரின் வீட்டு உழைப்போ எந்தச் செக்ரோலிலும் ஏறவில்லை. குமரப்பாவின் தாய்ப்பறவையைத் தேடி நாம் வெகுதூரம் போக வேண்டியதில்லை. ஆனால் ஒன்று: தாய் ஊட்டுவது அன்பினால். அவளுக்குரிய கூலியைக் குறைப்பதற்கு அந்த அன்பைக் காரணமாக்கினால் அது புலியின் பொருளாதாரமே.

சுதந்திரத்தின் பின் காங்கிரஸ் நிலச் சீர்திருத்தக் குழுவுக்குத் தலைமை வகித்து, உழுபவருக்கே நிலம் என்ற கொள்கையை 1949 அறிக்கையில் வலியுறுத்தினார். திருமணம் செய்யாத அவர் இறுதிக் காலத்தை மதுரை மாவட்டத்துக் கல்லுப்பட்டி காந்தி நிகேதன் ஆச்சிரமத்தில் கழித்தார். அவருடைய குடிலில் காந்தியடிகளின் படத்தோடு ஓர் ஏழைக் குடியானவரின் படமும் இருந்தது என்றும், அவரையே தம் குருவின் குரு என்று வருவோருக்கு அறிமுகப்படுத்துவார் என்றும் சொல்வார்கள். 1960 ஜனவரி 30 ஆம் திகதி, காந்தியடிகள் மறைந்த அதே நாளில், அவரும் மறைந்தார்.

லயத்து அறையிலிருந்து வந்து கணக்கியலும் வர்த்தகமும் படித்த பெண்கள் இன்று நம்மிடையே பலர். படிப்பு அவர்களை லயத்திலிருந்து வெளியே கொண்டுவந்தது. அது நியாயமான ஆசையே. ஆயினும் குமரப்பா தாம் படித்த கணக்கை யாருடைய பக்கம் நின்று எழுதினார் என்பதை அவர்கள் நினைக்க வேண்டும். அம்மாவின் சம்பளத் துண்டை வாசித்து, எது சேர்ந்தது, எது கழிந்தது, எது எழுதப்படவே இல்லை என்று கேட்கத் தெரிந்த மகள்தான் இப்பாடசாலையின் நூறாண்டுக் கல்விக்குப் பலன்.