புடவை மூட்டை காட்டிய வழி: அமரர் கோ. நடேசய்யர்

நாம் எதற்காக வாழ்கிறோம் என்ற கேள்வி வாலிபப் பருவத்திலே எல்லோர் நெஞ்சிலும் எழுவதுண்டு. விடை தேடி நூல்களைப் புரட்டுவோரும் உளர். பெரியோரை அடுத்துக் கேட்போரும் உளர். இம்மலைநாட்டிற் பிறவாதிருந்தும், இம்மலைநாட்டு மக்களுக்காகவே உழைத்து மறைந்த ஒருவருடைய சரித்திரம் இக்கேள்விக்கு நல்லதொரு விடை தருவதை நாம் காண்கிறோம். அவரே தேசபக்தன் கோ. நடேசய்யர்.

1887-ஆம் ஆண்டு தஞ்சாவூரிலே பிராமண குலத்திற் பிறந்த அவர், வர்த்தகத் துறை பற்றிய எழுத்துப்பணியில் முதலில் ஈடுபட்டிருந்தார். வர்த்தகர் சங்க அலுவல் ஒன்றை முன்னிட்டே இலங்கைக்கு வந்தார். வந்த காரியம் முடிந்ததும் ஊர் திரும்பிச் சுகமாக வாழ்ந்திருக்கலாம். ஆனால் மலைநாட்டுத் தோட்டங்களில் நம் மக்கள் படும் துயரம் அவர் செவிக்கு எட்டியது. கேட்டதோடு அவர் நிற்கவில்லை; கண்ணாற் காண விரும்பினார்.

அக்காலத்திலே அது எளிதான காரியமன்று. தோட்டம் துரையின் தனி இராச்சியம். அந்நியர் உள்ளே காலடி வைத்தால் அத்துமீறிய குற்றமாகும். புடவை வியாபாரிகள் மட்டில் லயங்களுக்குச் சென்று வந்தனர். ஐயர் அவர்களும் புடவை மூட்டையைத் தோளிலே சுமந்து, வியாபாரி வேடத்திலே தோட்டங்களுக்குள் நுழைந்தார். விடியுமுன் பெரட்டுக்குக் கூடும் மக்களையும், ஒரே காம்பராவிலே நெருங்கி வாழும் குடும்பங்களையும் கண்டார். கங்காணியிடம் பட்ட கடன் துண்டிலே எழுதப்பட்டிருக்கும். அக்கடன் தீராமல் வேறு தோட்டம் போக வழியில்லை. அத்துண்டு முறை 1921-ஆம் ஆண்டிலேதான் சட்டத்தால் ஒழிக்கப்பட்டது.

அம்மலைப் பாதைகளிலே அவர் உள்ளத்தில் என்ன நிகழ்ந்தது? அவருடைய பிற்காலச் செய்கைகளே அதற்குச் சாட்சி. கணக்கும் வர்த்தகமும் அவருக்குப் பிழைப்புத் தந்தன. லயத்து வாசலிலே மூட்டையை இறக்கிவைத்து ஏழைகளின் கதையைக் கேட்ட வேளையிலோ அவருடைய அறிவு, துணிவு, எழுத்துவன்மை யாவும் ஒருங்கே விழித்துக்கொண்டன என்று நாம் கொள்ளலாம். பிடிபட்டால் தண்டனை என்று அறிந்தும் கால்கள் முன்னே சென்றன. மனிதன் முழு உயிரோடு இருக்கும் வேளை இத்தகையதே. அவ்வேளையை ஒரு நாளைய வீரச்செயலாக அவர் மறந்துவிடவில்லை. தம் வாழ்நாள் முழுவதையும் அதன்வழி திருப்பினார்.

1920-ஆம் ஆண்டளவில் இலங்கையிலேயே தங்கிவிட்டார். 1924-இல் தேசபக்தன் பத்திரிகையைத் தொடங்கினார். 1925-இல் சட்டநிரூபண சபையிலே இடம் பெற்றார். கொழும்பிலே ஏ. ஈ. குணசிங்கா அவர்களோடு சேர்ந்து தொழிலாளர் இயக்கத்தில் உழைத்தார். இந்தியத் தொழிலாளர்க்கு விரோதமான குரல் அங்கே எழுந்தபோது விலகினார். 1931-இல் அகில இலங்கை இந்தியத் தோட்டத் தொழிலாளர் சம்மேளனத்தை ஹட்டனில் தொடங்கினார். தோட்டத்து மக்களுக்கென எழுந்த முதலாவது தொழிற்சங்கம் அதுவே. 1929-இல் உயர்ந்த மலைப்பகுதிகளில் ஆணுக்கு நாளொன்றுக்கு 54 சதமும் பெண்ணுக்கு 43 சதமும் குறைந்தபட்சச் சம்பளமாக விதிக்கப்பட்டிருந்தன. உலக மந்தத்தால் தேயிலை விலை வீழ்ந்து, அச்சொற்பச் சம்பளத்திலும் கைவைக்கப்பட்டபோது, அவர் ஓயாது எதிர்த்துப் போராடினார். 1936-இல் ஹட்டன் தொகுதி மக்கள் அவரை அரசாங்க சபைக்கு அனுப்பினர்.

அவருடைய துணைவியார் மீனாட்சியம்மையாரை இங்கே நினையாமல் இருத்தல் தகாது. எழுத்தறியாத மக்களிடம் பத்திரிகை செல்லாது, பாட்டுச் செல்லும். இதை உணர்ந்த அம்மையார், மக்களுக்குப் பழகிய மெட்டிலே பாடல்கள் இயற்றிக் கூட்டங்களிற் பாடினார். கணவர் பேசுமுன் மனைவியார் பாட, மக்கள் தலைநிமிர்ந்து கேட்டனர்.

ஐயருடைய பிற்காலம் வெற்றிமாலையாக அமையவில்லை. 1939-இல் இலங்கை இந்திய காங்கிரஸ் தோன்றியபின், அவருடைய சம்மேளனம் மங்கியது. 1947-இல் அவர் காலமானார். மறு ஆண்டிலே வந்த குடியுரிமைச் சட்டம் அவர் நேசித்த மக்களை நாடற்றவர்களாக்கியது. ஆயினும் அவர் இட்ட அடித்தளம் அழியவில்லை. தோட்டத்திலே சங்கம் வைக்கலாம் என்ற எண்ணத்தை விதைத்தவர் அவரன்றோ!

வாலிப அன்பர்களே! களிப்பும் ஆரவாரமும் உயிர்த்துடிப்பல்ல. அவை மறுநாளே மறையும். ஒரு பிள்ளைக்கு எழுத்துச் சொல்லிக்கொடுக்கும்போதோ, ஒரு நோயாளியைத் தாங்கிச் செல்லும்போதோ, ஓர் அநீதியைக் கண்டு வாய்திறக்கும்போதோ, நேரம் போனதே தெரியாமல் முழு மனத்தோடு நின்ற நாள் உங்களுக்கும் இருக்கும். அந்நாளைக் குறித்துக்கொள்ளுங்கள். கஷ்டம் வந்தபின்னும் அவ்வழியே மீண்டும் செல்ல மனம் விழைகிறதா என்று சோதித்துப் பாருங்கள். விழையுமாயின் அதுவே உங்கள் பணி.

பெரியோர்களுக்கும் நாம் ஒன்று விண்ணப்பிப்போம். உத்தியோகத்தையும் சம்பளத்தையும் மட்டும் கேளாமல், எந்த வேலையிலே பிள்ளையின் முகம் மலர்கின்றது என்பதையும் கவனியுங்கள். இன்றும் நம் லயங்களிலே செய்யவேண்டிய பணிகள் எத்தனையோ உள. அவற்றைச் செய்ய முன்வருவோரைத் தடுக்காது, வாழ்த்தி அனுப்புவோமாக.