அரசன் நிழலில் ஒரு நடிகர்

பாரிஸ் மாநகரில் தூய யூஸ்தாஷ் கோயிலில் 1622ஆம் ஆண்டு ஜனவரித் திங்கள் 15ஆம் நாள் ஓர் ஆண் குழந்தைக்கு ஞானஸ்நானம் செய்வித்தார்கள். ழான் பாப்டிஸ்ட் பொக்லேன் என்பது அதற்கு இட்ட பெயர். தந்தையார் மெத்தை, திரைச்சீலை, இருக்கை உறை முதலியன செய்து விற்கும் வணிகர். 1631இல் அரண்மனையில் அதே வேலையைச் செய்யும் பதவியை அவர் பெற்றுக்கொண்டார். அந்நாளில் பிரெஞ்சு நாட்டில் இத்தகைய பதவிகளைப் பணங்கொடுத்து வாங்கலாம். மகனுக்கும் விட்டுச் செல்லலாம். படுக்கை விரிக்கும் வேலைதானே என்று இளப்பமாக எண்ணிவிடக் கூடாது. மன்னன் அருகே நிற்கும் வாய்ப்பைக் காட்டிலும் பெரிய சொத்து அந்த நாட்டில் வேறு எதுவுமில்லை.

அந்தச் சொத்தை 21 வயதில் உதறித் தள்ளினார் மகன். மாட்லேன் பெழார் என்ற நடிகையுடனும் அவள் குடும்பத்தாருடனும் கூடி 1643இல் ஒரு நாடகக் குழுவைத் தொடங்கினார். மோலியேர் என்று பெயரையும் மாற்றிக்கொண்டார். குழுவின் பெயரில் புகழ் இருந்தது. கொட்டகையில் ஆள் இல்லை. இரண்டே ஆண்டுகளில், மெழுகுவத்தி வாங்கிய கடனையும் கட்ட முடியாமல் சிறை புகுந்தார். நாடகம் போட்டுக் கையைச் சுட்டுக்கொண்ட நண்பர்கள் நம்மிடையேயும் உண்டு. ஆனால் அவர்கள் மறுநாள் வகுப்புக்கு வந்துவிடுகிறார்கள். மோலியேரோ 13 ஆண்டுகள் தென்னாட்டு ஊர்களில் மூட்டை முடிச்சுகளுடன் அலைந்தார். கோந்தி இளவரசர் சில காலம் ஆதரித்தார். பிறகு அவர் பக்திமானாக மாறி நாடகத்தையே வெறுத்துவிட்டார். பெரிய மனிதரின் ஆதரவு எவ்வளவு எளிதாகக் கை நழுவும் என்ற பாடம் அங்கேயே கிடைத்துவிட்டது.

1658 அக்டோபர் 24ஆம் நாள் லூவர் அரண்மனையில் இளம் மன்னன் பதினான்காம் லூயியின் முன் நடிக்கும் வாய்ப்பு வந்தது. முதலில் கோர்னேய் எழுதிய துன்பியல் நாடகம் ஒன்றை ஆடினார்கள். சபை சிலிர்க்கவில்லை. உடனே மோலியேர் தாம் வெளியூர்களில் ஆடிவந்த சிறு கேலிக்கூத்து ஒன்றை நடித்துக்காட்ட அனுமதி கேட்டார். மன்னன் வயிறு குலுங்கச் சிரித்தான். அந்தச் சிரிப்பில்தான் மோலியேரின் வாழ்வு திரும்பியது. தலைநகரில் ஆடுவதற்கு அரங்கு கிடைத்தது. அது இடிபட்டபோது பாலே ரோயால் என்னும் அரண்மனை அரங்கு கிடைத்தது.

அந்த மன்னனைப் பற்றியும் சிறிது சொல்ல வேண்டும். அவன் சிறுவனாக இருந்தபோது பிரபுக்களும் நீதிமன்றத்தாரும் முடியாட்சிக்கு எதிராகக் கலகம் செய்தார்கள். 1651இல் ஒரு நாள் இரவு, மன்னன் ஊரை விட்டு ஓடிவிட்டானோ என்று ஐயுற்ற பாரிஸ் மக்கள் படுக்கையறைவரை வந்து பார்த்துச் சென்றனர். 12 வயதுச் சிறுவன் அந்த இரவை மறக்கவில்லை. 1661இல் முதலமைச்சர் மசாரேன் இறந்ததும், இனி முதலமைச்சரே வேண்டாம், நானே ஆள்வேன் என்று அறிவித்தான். பிரபுக்களை வாளால் மட்டும் அடக்க முடியாது என்பது அவனுக்குத் தெரியும். விருந்தாலும், இசையாலும், நாட்டியத்தாலும், தன் பார்வைக்கு ஏங்கவைத்தும் அடக்கினான். அவனே சிறந்த நாட்டியக்காரன். 14 வயதில் உதய சூரியனாக வேடமிட்டு மேடையில் ஆடியவன். அவனுக்குக் கலை பொழுதுபோக்கு மட்டுமன்று; ஆட்சியின் கருவி.

இதற்கு நல்ல சான்று, நிதி மேற்பார்வையாளர் பூக்கேயின் கதை. 1661 ஆகஸ்டு 17ஆம் நாள் அவர் தம் புதிய மாளிகையில் மன்னனுக்குப் பெருவிருந்து வைத்தார். மோலியேர் அந்த விருந்துக்கென்றே ஒரு நாடகம் எழுதி ஆடினார். மாளிகையின் எழிலைக் கண்ட மன்னன் உள்ளுக்குள் குமுறினான். மூன்று வாரத்துக்குள் பூக்கே கைதானார். மீண்டும் வெளியுலகைப் பார்க்கவேயில்லை. அவருக்காக மாளிகை கட்டிய லெவோ, ஓவியம் தீட்டிய லெபிரேன், தோட்டம் அமைத்த லெநோத்ர் மூவரையும் மன்னன் வெர்சாய் அரண்மனை வேலைக்கு எடுத்துக்கொண்டான். மோலியேரின் நாடகமோ மன்னனுக்குப் பிடித்துப்போயிற்று. வேட்டைப் பித்தர் ஒருவரையும் அதில் சேர்க்கலாமே என்று அவன் யோசனை சொல்ல, மோலியேர் உடனே சேர்த்தார்.

1663இல் ஆண்டுக்கு 1000 லிவர் உதவித்தொகை. 1664இல் பிறந்த முதல் மகனுக்கு மன்னனே ஞானத்தந்தை. கூத்தாடிகளைத் திருச்சபை தீண்டத்தகாதவராக நடத்திய நாடு அது என்பதை நினைவிற்கொண்டால்தான் இதன் பெருமை விளங்கும்.

அதே 1664இன் மே மாதம் வெர்சாய் விழாவில் மோலியேர் தார்த்தூப் என்ற நாடகத்தை அரங்கேற்றினார். பக்தி வேடம் பூண்டு ஒரு குடும்பத்துக்குள் புகுந்து, வீட்டுக்காரனின் சொத்தையும் மனைவியையும் கவர முயலும் போலியின் கதை அது. மன்னனுக்குப் பிடித்தது. ஆயினும் அவன் தாயாரும் பாரிஸ் பேராயரும் பக்திச் சங்கத்தாரும் சீறி எழவே, பொதுமேடையில் ஆடக் கூடாதென்று அவனே தடை விதிக்க நேர்ந்தது. மோலியேரைத் தீயிலிட வேண்டுமென்று ஒரு பாதிரியார் நூலே எழுதினார்.

எல்லாம் வல்ல மன்னன் என்கிறோமே, அந்த வல்லமையின் எல்லை இங்கே தெரிகிறது. நிதிக்குப் பொறுப்பானவரை ஒரே நாளில் சிறைக்கு அனுப்ப அவனால் முடிந்தது. தான் ரசித்துச் சிரித்த ஒரு நாடகத்தை மக்கள் காணச் செய்ய முடியவில்லை. (நம்மவர்க்குத் தெரிந்த புதுச்சேரி பிரெஞ்சுக்காரர் வசமாகக் காரணமான கிழக்கிந்தியக் கம்பெனியை அவன் நிறுவியதும் இதே 1664இல்தான். கடல்கடந்து கை நீட்டியவனுக்கு உள்ளூர் மேடை எட்டவில்லை.)

மோலியேர் சோரவில்லை. நாடகத்தைத் திருத்தினார், தலைப்பை மாற்றினார், நாயகனின் உடையை மாற்றினார். 1667 ஆகஸ்டு 5ஆம் நாள் மேடையேற்றினார். மன்னன் அப்போது பிளாண்டர்ஸ் போர்முனையில். மறுநாளே உயர்நீதிமன்றத் தலைவர் தடுத்தார். அந்த நாடகத்தைப் படிப்பவரையும் கேட்பவரையும்கூடத் திருச்சபையிலிருந்து விலக்குவதாகப் பேராயர் ஆணையிட்டார். மோலியேர் இரு நடிகர்களைப் போர்முனைக்கே விண்ணப்பத்துடன் அனுப்பினார். திரும்பி வந்து பார்ப்பதாக மன்னன் சொல்லியனுப்பினான். பார்த்து முடிக்க ஒன்றரை ஆண்டு ஆயிற்று. தாயார் 1666இலேயே இறந்துவிட்டார். திருச்சபைக்குள் நடந்த பூசலும் தணிந்தது. 1669 பிப்ரவரி 5ஆம் நாள் தடை நீங்கியது. அரங்கு நிரம்பி வழிந்தது.

அந்நாடகத்தின் முடிவில், குடும்பம் நடுத்தெருவுக்கு வரும் வேளையில், மன்னனின் அதிகாரி வந்து போலியைக் கைது செய்கிறார். எல்லாமறிந்த மன்னன் புகழப்படுகிறான். இது வெறும் முகத்துதி என்பாருண்டு. எனக்கு அப்படித் தோன்றவில்லை. சட்டமோ நீதிமன்றமோ அந்தக் குடும்பத்தைக் காக்கவில்லை. ஒருவனுடைய அருள்தான் காத்தது. மோலியேரின் சொந்த நிலையும் அதுதான். கண்டதை எழுதினார்.

இந்தப் போராட்டத்தின் நடுவே அவர் எழுதிக் குவித்தவை வியப்புக்குரியவை. மனித வெறுப்பாளனும் கருமியும் மேடை ஏறினர். பிரபுவாகத் துடிக்கும் பணக்கார வணிகன் 1670இல் ஷாம்போர் அரண்மனையில் மன்னன் முன் தோன்றினான். அதற்கு இசையமைத்தவர் லுல்லி. இத்தாலியிலிருந்து வந்து மன்னனின் உள்ளம் கவர்ந்தவர். 1672இல் இசைநாடகம் நடத்தும் தனியுரிமையை மன்னனிடமிருந்து அவர் பெற்றார். மற்ற அரங்குகளில் பாடகர், இசைக்கருவியாளர் தொகை ஆணையால் சுருக்கப்பட்டது. பாட்டும் ஆட்டமும் கலந்த நாடகத்தை வளர்த்த மோலியேருக்கே அது பேரிடி. அருளின் வெயில் வேறு பக்கம் திரும்பிவிட்டது. அவ்வாண்டு பிப்ரவரி 17ஆம் நாள் மாட்லேனும் மறைந்தாள்.

சரியாக ஓராண்டு கழித்து, 1673 பிப்ரவரி 17ஆம் நாள், தம் புதிய நாடகத்தின் நான்காம் ஆட்டத்தில் மோலியேர் நடித்தார். நோயே இல்லாமல் நோயென்று புலம்புகிறவனின் வேடம். உண்மையில் அவருக்கு நெஞ்சுநோய் முற்றியிருந்தது. மேடையிலேயே உடல் வெட்டி இழுத்தது. சிரிப்பாக மாற்றிச் சமாளித்தார். வீட்டுக்குக் கொண்டுவந்தார்கள். இரத்தம் கக்கி அன்றிரவே இறந்தார். அழைத்த பாதிரியார் இருவர் வர மறுத்தனர். மூன்றாமவர் வருமுன் உயிர் பிரிந்துவிட்டது.

நடிப்புத் தொழிலை விடுவதாகச் சொல்லாமல் இறந்தவருக்குத் திருச்சபையின் அடக்கம் இல்லை. மனைவி ஆர்மாந்து மன்னன் காலில் விழுந்தாள். மன்னன் பேராயருக்குச் சொல்லியனுப்பினான். பகலில் கூடாது, சடங்கு கூடாது என்ற கட்டுப்பாட்டுடன் இசைவு வந்தது. 21ஆம் நாள் இரவு, தீவட்டி வெளிச்சத்தில், தூய யோசேப்பு கல்லறைத் தோட்டத்தில் புதைத்தார்கள்.

சில வாரங்களில் பாலே ரோயால் அரங்கை மன்னன் லுல்லிக்குக் கொடுத்துவிட்டான். மோலியேரின் நடிகர்கள் ஆற்றின் மறுகரையில் வேறிடம் தேடிப் போனார்கள். 1680இல் அதே மன்னனின் ஆணையால் அவர்கள் போட்டிக் குழுவுடன் இணைக்கப்பட்டார்கள். அதுவே கொமெதி பிரான்சேஸ். மோலியேர் கடைசி இரவு அமர்ந்து நடித்த நாற்காலியை இன்றும் அங்கே வைத்திருக்கிறார்கள்.