வராத கடிதங்கள்: கடல் கடந்த கும்பகோணத்து ராமானுஜனும், கப்பலில் நாம் தேடும் வைஃபையும்

சென்னையிலிருந்து கப்பல் சுற்றுலா போவது இப்போது நம்ம ஊர்க்காரர்களுக்குப் புதுசு இல்லை. 2022 ஜூனில் சென்னைத் துறைமுகத்திலிருந்து கார்டிலியா சொகுசுக் கப்பல் கிளம்பியது. 2023 அக்டோபரில் நாகப்பட்டினத்திலிருந்து இலங்கையின் காங்கேசன்துறைக்குப் பயணிகள் கப்பல் விட்டார்கள். டிக்கெட் போட்டதும் வீட்டில் எழும் முதல் கேள்வி, சாப்பாடு எப்படி என்பதல்ல. வைஃபை கிடைக்குமா, வீடியோ கால் பண்ண முடியுமா என்பதுதான்.

இதே கேள்வி, 110 வருஷத்துக்கு முன்னால் கும்பகோணம் சாரங்கபாணி சந்நிதித் தெருவில் ஒரு வீட்டிலும் இருந்தது. என்ன, அப்போது அதற்குப் பேர் கடிதம். கடல் தாண்டிப் போனவர் கணிதமேதை சீனிவாச ராமானுஜன். அவருக்கும் அவர் மனைவி ஜானகிக்கும் நடுவில் கடிதங்களுக்கு நேர்ந்ததைத் தெரிந்துகொண்டால், நம் போனில் இருக்கிற பூட்டுக் குறியின் மதிப்பு புரியும்.

துறைமுகத்து கிளார்க்

ராமானுஜன் பிறந்தது 1887 டிசம்பர் 22, ஈரோட்டில் அம்மாவைப் பெற்ற பாட்டி வீட்டில். வளர்ந்தது கும்பகோணத்தில். அப்பா சீனிவாச ஐயங்கார் ஜவுளிக்கடையில் கணக்கு எழுதியவர். அம்மா கோமளத்தம்மாள் கோயிலில் பஜனை பாடுவார். மகனுடன் உட்கார்ந்து ஆடுபுலி ஆட்டம் ஆடுவார். ராமானுஜனின் உலகமே அம்மாதான்.

டவுன் ஹைஸ்கூலில் பரிசுகளாக வாங்கிக் குவித்த பையன், காவிரிக்கரையில் இருக்கும் அரசுக் கல்லூரிக்குப் போனதும் கணக்கைத் தவிர வேறு எதையும் படிக்கவில்லை. உதவித்தொகை போனது. சென்னை பச்சையப்பன் கல்லூரியிலும் அதே கதைதான். டிகிரி இல்லை, வேலை இல்லை. 1909 ஜூலையில் கரூர்ப் பக்கம் ராஜேந்திரம் கிராமத்துப் பெண் ஜானகியைக் கல்யாணம் செய்துவைத்தார் அம்மா. ஜானகிக்கு அப்போது பத்து வயது.

1912 மார்ச்சில் சென்னைத் துறைமுகக் கழகத்தில் மாதம் 30 ரூபாய் சம்பளத்தில் கிளார்க் வேலை கிடைத்தது. தினமும் கப்பல் வருவதையும் போவதையும் பார்க்கிற இடம். அங்கிருந்துதான் 1913 ஜனவரி 16-ம் தேதி கேம்பிரிட்ஜில் இருந்த ஹார்டிக்கு, சுமார் 120 கணித முடிவுகளோடு அந்தப் புகழ்பெற்ற கடிதத்தை அனுப்பினார். அதற்கு முன்பு வேறு இரண்டு பேராசிரியர்களுக்கு எழுதியும் பலன் இல்லை. இந்தக் கடிதத்துக்கு பிப்ரவரி 8-ம் தேதி ஹார்டி பதில் எழுதினார். ஒரே ஒரு தபால் சரியான கைக்குப் போய்ச் சேர்ந்ததால் நடந்த அதிசயம் அது.

நெவாசா கப்பலில் 28 நாள்

கடல் தாண்டினால் ஆசாரம் கெட்டுவிடும் என்று நம்பிய காலம். அம்மா முதலில் சம்மதிக்கவில்லை. பிறகு நாமக்கல் நாமகிரித் தாயார் கனவில் வந்து உத்தரவு கொடுத்ததாகச் சொல்லி அவரே சம்மதித்தார். அம்மாவையும் ஜானகியையும் கும்பகோணத்துக்கு ரயில் ஏற்றிவிட்ட பிறகுதான் ராமானுஜன் குடுமியை எடுத்தார். கோட்டு, சூட்டு, ஷூ எல்லாம் பழகினார். தானும் கூட வருகிறேன் என்று ஜானகி கேட்டுப் பார்த்தார். நடக்கவில்லை.

1914 மார்ச் 17-ம் தேதி எஸ்.எஸ். நெவாசா சென்னையை விட்டுக் கிளம்பியது. முதல் சில நாள் கடல் ஒத்துக்கொள்ளாமல் சிரமப்பட்டார். பிறகு சரியானது. கொழும்பு, ஏடன், சூயஸ் வழியாக ஏப்ரல் 14-ம் தேதி லண்டன். துறைமுகத்தில் பேராசிரியர் நெவில் காருடன் காத்திருந்தார்.

அந்த 28 நாளில் வீட்டோடு பேச அவருக்கு இருந்த ஒரே வழி, கப்பல் நிற்கிற துறைமுகத்தில் தபாலில் சேர்ப்பது. சூயஸ் வந்ததும் ஊருக்குக் கடிதங்கள் எழுதிப் போட்டார். அது கும்பகோணம் வந்து சேருவதற்குள் அவர் லண்டன் பக்கம் போயிருப்பார்.

ஒரு ஆச்சரியம் என்னன்னா, நெவாசா போன ஏடன், சூயஸ் வழியில் அப்போதே கடலடித் தந்திக் கம்பி ஓடிக்கொண்டிருந்தது. இன்றைக்கும் சென்னையில் கரையேறும் இணையக் கேபிள்களில் சில, செங்கடல், எகிப்து வழியாகத்தான் ஐரோப்பா போகின்றன. 2024 பிப்ரவரியில் செங்கடலில் சில கேபிள்கள் அறுந்தபோது பல நாடுகளில் இணைய வேகம் அடிவாங்கியது. வழி பழசுதான். அதில் போகும் செய்தியின் வேகம்தான் மாறியிருக்கிறது.

ஆனால், நடுக்கடலில் இருக்கிற கப்பலுக்குக் கேபிள் இழுக்க முடியாது. செயற்கைக்கோள்தான் வழி. பழைய முறையில் செயற்கைக்கோள் 36,000 கிலோமீட்டர் உயரத்தில் இருக்கும். நாம் ஒன்று கேட்டு, பதில் திரும்பி வரவே அரை விநாடி ஆகிவிடும். அதனால்தான் கப்பலில் வீடியோ கால் திக்கித் திணறும். இப்போது ஸ்டார்லிங்க் போன்றவை சுமார் 550 கிலோமீட்டர் உயரத்தில் சுற்றுகின்றன. தாமதம் வெகுவாகக் குறைந்துவிட்டது. 2022-ல் இருந்து பெரிய கப்பல் கம்பெனிகள் இதற்கு மாறி வருகின்றன. நீங்கள் போகிற கப்பலில் எது என்று டிக்கெட் போடும்போதே கேட்டுவிடுவது நல்லது.

நடுவில் நின்றது யார்?

ராமானுஜன் லண்டன் போய் நாலு மாதத்தில் முதல் உலகப்போர். செப்டம்பர் 22-ம் தேதி எம்டன் கப்பல் சென்னையிலேயே குண்டு போட்டது. 1915 டிசம்பரில் இந்தியாவுக்கு வந்துகொண்டிருந்த பெர்சியா என்ற பயணிகள் கப்பல் கிரீட் தீவு அருகே மூழ்கடிக்கப்பட்டது. கடல் வழித் தபாலை நம்ப முடியாத காலம்.

போர் வெளியே என்றால், வீட்டுக்குள்ளே இன்னொன்று நடந்தது. ஜானகி எழுதிய கடிதங்கள் ராமானுஜனுக்குப் போகவில்லை. அவர் எழுதியவை ஜானகியின் கைக்கு வரவில்லை. கோமளத்தம்மாள் அவற்றை நடுவிலேயே நிறுத்திவிட்டார் என்று, ஜானகியின் நினைவுகளை வைத்து எழுதிய வாழ்க்கை வரலாற்றாசிரியர்கள் பதிவு செய்திருக்கிறார்கள். அம்மாவுக்கு மகன் மேல் இருந்த உரிமை அப்படி. அவரை வில்லியாகப் பார்க்க வேண்டியதில்லை. ஒரே பிடிமானமாக இருந்த மகனைக் கடலுக்கு அப்பால் அனுப்பிவிட்டுத் தவித்தவர் அவர்.

ஆனால், விளைவு கொடுமையானது. சகோதரர் கல்யாணத்தை ஒட்டிப் பிறந்த வீட்டுக்குப் போன ஜானகி, கும்பகோணம் திரும்பவில்லை. தன் மனைவி ஏன் எழுதுவதில்லை என்று அங்கே அவருக்குத் தெரியாது. கணவர் ஏன் எழுதுவதில்லை என்று இங்கே இவருக்குத் தெரியாது. கேம்பிரிட்ஜ் குளிர், கிடைக்காத காய்கறி, தானே பொங்கித் தின்னும் சாப்பாடு, இதோடு இந்த மௌனமும் சேர்ந்தது. 1917-ல் அவர் படுத்த படுக்கையானார். 1918 மே மாதம் ராயல் சொசைட்டி உறுப்பினர், அக்டோபரில் டிரினிட்டி கல்லூரி ஃபெல்லோ. பெருமை எல்லாம் வந்தது. அதைப் பகிர்ந்துகொள்ள வேண்டியவரிடமிருந்து ஒரு வரி வரவில்லை.

இன்றைய இணையப் பாதுகாப்பு நிபுணர்கள் இதற்கு ஒரு பேர் வைத்திருக்கிறார்கள். அனுப்புகிறவருக்கும் வாங்குகிறவருக்கும் நடுவே ஒருவர் உட்கார்ந்து, இரண்டு பக்கத்துக்கும் தெரியாமல் செய்தியைப் பிடித்துவைப்பது. பொது வைஃபையில் நாம் பயப்பட வேண்டியதும் இதற்குத்தான். ஆயிரம் பேர் ஒரே வைஃபையைப் பயன்படுத்துகிற கப்பலில், அதே பேரில் இன்னொருத்தர் போலி வைஃபை வைத்தால் நாம் அதில் போய் விழலாம்.

கப்பல் ஏறும் முன்பு செய்ய வேண்டியவை

சரி, நம் பயணத்துக்கு வருவோம். செய்தி போய்ச் சேர வேண்டும், யாரும் பிரிக்காமல் சேர வேண்டும். இந்த இரண்டுக்கும் சில எளிய வழிகள்:

* கப்பல் ஏறியதும் போனை ஏரோபிளேன் மோடில் போட்டு, வைஃபையை மட்டும் ஆன் செய்யுங்கள். நடுக்கடலில் கப்பலின் சொந்த மொபைல் டவரில் போன் தானாக இணைந்தால், சாதாரண ரோமிங் பேக்கில் அடங்காத தனிக் கட்டணம் விழக்கூடும்.

* கரை மறைந்தால் நம்ம சிம்முக்கு சிக்னல் இருக்காது. பேங்க் ஓடிபி எஸ்எம்எஸ் வராது. கரன்ட் பில், இஎம்ஐ எல்லாவற்றையும் முன்பே முடித்துவிடுங்கள். மெயில் போன்றவற்றின் இரட்டைப் பூட்டுக்கு, நெட் இல்லாமலே எண் தரும் ஆத்தென்டிகேட்டர் ஆப் வைத்துக்கொள்வது நல்லது.

* வைஃபையின் சரியான பேரைக் கப்பல் வரவேற்பு மேஜையில் கேட்டுத் தெரிந்துகொள்ளுங்கள். தானாக இணையும் வசதியை அணைத்து வையுங்கள்.

* இணையதள முகவரி எச்டிடிபிஎஸ் என்று ஆரம்பிக்கிறதா பாருங்கள். இருந்தால் நடுவில் இருப்பவர் உறையைப் பார்க்கலாம், உள்ளே இருப்பதைப் படிக்க முடியாது. சான்றிதழ் சரியில்லை என்று பிரவுசர் எச்சரித்தால் மேலே போகாதீர்கள். ஆனால், போலித் தளத்துக்கும் அந்தப் பூட்டு இருக்கலாம். அதனால் முகவரியை எழுத்து எழுத்தாகப் படியுங்கள்.

* விபிஎன் போட்டால் எந்தத் தளத்துக்குப் போகிறீர்கள் என்பதும் கப்பல் நெட்வொர்க்குக்குத் தெரியாது. முன்பின் தெரியாத இலவச விபிஎன் வேண்டாம். சில கப்பல்களில் அது வேலை செய்யாது. அந்த இடத்தில் பணப் பரிவர்த்தனையைக் கரை வரும்வரை தள்ளிப்போடுங்கள்.

* போன் அப்டேட், படம், பாட்டு, மேப், டிக்கெட் எல்லாவற்றையும் வீட்டிலேயே இறக்கிவிடுங்கள். கப்பல் எந்த நாள், எந்தத் துறைமுகத்தில் நிற்கும் என்ற பட்டியலை வீட்டில் கொடுத்துவிட்டுப் போங்கள். போன் வரவில்லை என்றால் பதற்றம் குறையும்.

பேர் மட்டும் கும்பகோணத்துடையது

இதில் ஒரு சுவாரசியம். ஹார்டி, தான் செய்யும் எண் கணிதம் நடைமுறையில் எதற்கும் உதவாது என்பதில் பெருமைப்பட்டவர். ஆனால், 1977-ல் வந்த ஆர்எஸ்ஏ பூட்டு முறை, பகா எண்களை வைத்தே செய்தியைப் பூட்டியது.

ராமானுஜன் 1916-ல் ஒரு ஊகத்தை முன்வைத்தார். அது சரி என்று 1974-ல் நிரூபித்தவர் டெலீன். அந்த ஊகத்தைப் பயன்படுத்தி 1988-ல் லுபாட்ஸ்கி, பிலிப்ஸ், சார்னாக் என்ற மூவர் ஒருவகை வலையமைப்பை உருவாக்கினார்கள். அதற்கு ராமானுஜன் கிராஃப் என்று பேர். குறைந்த இணைப்புகள்தான் இருக்கும். ஆனால், சிலதை வெட்டினாலும் பெரும்பகுதி துண்டாகாது, செய்தி வேறு வழியில் போய்விடும். டெல்டாவில் ஒரு வாய்க்கால் அடைத்தாலும் இன்னொரு வாய்க்கால் வழியாகத் தண்ணீர் வயலுக்கு வருகிற மாதிரி என்று வைத்துக்கொள்ளுங்கள். செய்தியைப் பூட்டும் கணித ஆராய்ச்சியிலும் இந்த கிராஃப்கள் இடம்பெறுகின்றன. தன் கடிதம் போய்ச் சேராமல் தவித்தவரின் பேரில் இப்படி ஒரு வலை!

கடைசி ஒரு வருஷம்

1919 பிப்ரவரியில் எஸ்.எஸ். நகோயா கப்பலில் கிளம்பி மார்ச்சில் பம்பாய் இறங்கினார். அம்மாவும் தம்பியும் வந்திருந்தார்கள். அவர் முதலில் தேடியது ஜானகியை. ஜானகி வரவழைக்கப்படவில்லை. பிறகு சென்னையில்தான் இருவரும் சேர்ந்தார்கள். காவிரிக்கரையில் கொடுமுடி, அப்புறம் கும்பகோணம், கடைசியில் சென்னை சேத்துப்பட்டு. மருந்து கொடுத்ததும், பக்கத்தில் உட்கார்ந்து அவர் எழுதிப்போட்ட தாள்களைப் பத்திரப்படுத்தியதும் ஜானகிதான். அவளும் கூட வந்திருந்தால் தனக்கு இந்த நோய் வந்திருக்காது என்று ராமானுஜன் வருந்தியதாக ஜானகி பின்னாளில் சொல்லியிருக்கிறார்.

1920 ஏப்ரல் 26-ம் தேதி, 32 வயதில் ராமானுஜன் காலமானார். அந்தத் தாள்கள் கேம்பிரிட்ஜ் போய், டிரினிட்டி கல்லூரி நூலகத்தில் கிடந்து, 1976-ல் ஜார்ஜ் ஆண்ட்ரூஸ் கண்ணில் பட்டன. உலகம் அதைத் தொலைந்த நோட்டுப் புத்தகம் என்று கொண்டாடுகிறது. தையல் வேலை செய்து திருவல்லிக்கேணியில் வாழ்ந்த ஜானகி அம்மாள், 1994 ஏப்ரலில் மறைந்தார். அடுத்த வருஷம் ஆகஸ்ட்டில்தான் பொதுமக்களுக்கான இணைய சேவை இந்தியாவில் தொடங்கியது.

சாரங்கபாணி சந்நிதித் தெரு வீட்டை இப்போது சாஸ்த்ரா பல்கலைக்கழகம் நினைவு இல்லமாகப் பராமரிக்கிறது. கும்பகோணம் போனால் ஒரு எட்டு பார்த்துவிட்டு வாருங்கள். சின்ன வீடு. தெருவைப் பார்த்த ஜன்னல். அந்த வாசலில் தபால்காரர் வந்து நின்ற நாட்களை நினைத்துப் பாருங்கள்.

அடுத்த தடவை கப்பலில் வைஃபை கிடைத்ததும், போட்டோ போடுவதற்கு முன்னால் வீட்டுக்கு ஒரு மெசேஜ் அனுப்புங்கள். இரண்டு டிக் விழுகிறதா என்று ஒருதடவை பார்த்துக்கொள்ளுங்கள்.