வெளிச்சம் பத்தல!

நம்ம கம்பத்துல பென்னிகுயிக்கைத் தெரியாதவங்க கிடையாது. அடால்ஃப் குஸ்மாலைத் தெரியுமா? 1822-ல் ஜெர்மனியில் பிறந்தவர். ராணுவ மருத்துவர், கிராமத்து டாக்டர், பிறகு பேராசிரியர். சர்க்கரை நோய் முற்றினவங்களுக்கு வரும் ஆழமான மூச்சிரைப்புக்கு இன்னைக்கும் அவர் பேர்தான்.

1868-ல், வாள் விழுங்கும் வித்தைக்காரர் ஒருத்தர் வாய் வழியா நேரான உலோகக் குழாயை இறக்கி, இரைப்பையைப் பார்க்க முயன்றார். குழாய் இறங்கிடுச்சு, வெளிச்சம்தான் பத்தல. முயற்சியைக் கைவிட்டார். 1902-ல் மறைந்தார்.

அப்புறம் பல்பு வந்துச்சு, வளையும் கண்ணாடி இழை வந்துச்சு. உணவுக்குழாய் பை மாதிரி புடைச்சு, சாப்பிட்ட சோறு அதிலேயே தங்கிடுற பெரியவங்களுக்கு, இப்போ கழுத்தைக் கிழிக்காமலே எண்டோஸ்கோப்பி பண்றாங்க. பைக்கும் குழாய்க்கும் நடுவுல இருக்கிற சுவரை வெட்டிவிட்டா, சோறு தானா இறங்கும்.

டாக்டர் விட்ட இடத்துல தொடர்ந்தது பின்னாடி வந்தவங்கதான், மக்களே!