ப்ளூடூத்: யார் இந்த ‘நீலப்பல்’ ராஜா?

போனில் ப்ளூடூத் ஆன் பண்ணும்போதெல்லாம், ஆயிரம் வருஷத்துக்கு முன்பு வாழ்ந்த ஒரு டென்மார்க் ராஜாவின் பட்டப்பெயரைத்தான் தொடுகிறோம். அவர் ஹரால்ட் ப்ளூடூத். கறுத்துப்போன ஒரு பல்லால் வந்த பெயராக இருக்கலாமாம்.

அப்பா கோர்முக்குப் பிறகு, கி.பி. 958 வாக்கில் அரியணை ஏறினார். டென்மார்க் முழுவதையும் நார்வேயையும் வென்றதாகவும், டேனிஷ் மக்களைக் கிறிஸ்தவர்களாக்கியதாகவும் யெல்லிங் என்ற ஊரில் பெரிய கல்லில் செதுக்கி வைத்தார். நார்வே விஷயம் கொஞ்சம் ஓவர் பில்டப்தான். ஆனால் ராவ்னிங் சதுப்பு நிலத்தின் மேல் சுமார் 760 மீட்டர் நீளத்துக்கு அவர் காலத்தில் ஓக் மரப்பாலம் எழுந்தது நிஜம்.

ஊரையெல்லாம் இணைத்தவருக்கு வீட்டில் கனெக்‌ஷன் கட். மகன் ஸ்வெயின் எதிர்த்துக் கிளம்ப, நாட்டைவிட்டு ஓடிய ஹரால்ட் 986 வாக்கில் காயத்தோடு இறந்துபோனார்.

கம்ப்யூட்டரையும் போனையும் வயரில்லாமல் இணைக்கும் டெக்னாலஜி உருவானபோது, 1997-ல் இன்டெல் இன்ஜினீயர் ஜிம் கர்டாக் சும்மா தற்காலிகமாகச் சொன்ன பெயர் இது. வேறு பெயர் சரியாக அமையாததால் இதுவே நிலைத்துவிட்டது. அந்த லோகோவை உற்றுப் பாருங்கள்: ஹரால்டின் ‘ஹெச்’, ப்ளூடூத்தின் ‘பி’ இரண்டையும் வைக்கிங் காலத்து ரூன் எழுத்தில் ஒட்டவைத்திருக்கிறார்கள்.