மூசி வெள்ளமும் விஸ்வேஸ்வரய்யா போட்ட கணக்கும்

1908 செப்டம்பர் 28. ஐதராபாத் நகரின் நடுவே ஓடும் மூசி ஆறு கரையைத் தாண்டி ஊருக்குள் புகுந்தது. அப்சல்கஞ்ச் பகுதியில் ஒரு புளியமரத்தில் ஏறிக்கொண்ட சுமார் 150 பேர் உயிர் பிழைத்தார்கள். உஸ்மானியா மருத்துவமனை வளாகத்தில் இருக்கும் அந்த மரத்தை ஐதராபாத்வாசிகள் இன்றும் காட்டுவார்கள். ஏற மரம் கிடைக்காதவர்கள் கதை வேறு. இறந்தவர்கள் 15,000 பேர் வரை இருக்கலாம் என்கிறார்கள். பாலங்கள் போயின, ஆயிரக்கணக்கான வீடுகள் கரைந்தன.

வடிந்த பிறகு நிஜாம் மஹபூப் அலிகானின் அரசுக்கு முன்னால் இருந்தது ஒரே கேள்விதான். இது திரும்ப வராமல் இருக்க என்ன செய்யணும்? பதில் சொல்ல அவர்கள் தேடிய ஆள் அப்போது ஊரில் இல்லை. பம்பாய் மாகாணப் பொதுப்பணித் துறை வேலையை விட்டுவிட்டு ஐரோப்பாவைச் சுற்றிப் பார்த்துக்கொண்டிருந்தார். இத்தாலியில் இருந்தபோது நிஜாம் அரசின் தந்தி கிடைத்தது. பயணத்தை முடித்துக்கொண்டு 1909 ஏப்ரலில் ஐதராபாத் வந்து சேர்ந்தார் மோக்ஷகுண்டம் விஸ்வேஸ்வரய்யா.

ஆண்டுதோறும் செப்டம்பர் 15 அன்று பொறியாளர் தின வாழ்த்து ஃபார்வர்டு ஆகி வருமே, அந்தத் தலைப்பாகைக்காரர்தான். கர்நாடகத்தின் சிக்கபள்ளாப்பூர் பக்கம் முத்தேனஹள்ளியில் பிறந்தவர். சின்ன வயதிலேயே அப்பாவை இழந்தார். பெங்களூரு சென்ட்ரல் காலேஜில் பி.ஏ., பிறகு புனேயில் பொறியியல், 1884-ல் அரசு வேலை. இதெல்லாம் பாடப்புத்தகத்திலேயே இருக்கிறது. ஐதராபாத் கதைக்கு முக்கியமானது, அதற்கு முன் புனே அருகே அவர் செய்த ஒரு வேலை.

தானாகத் திறக்கும் ஷட்டர்

புனேவுக்குத் தண்ணீர் கொடுத்த கடக்வாஸ்லா அணை ஒவ்வொரு மழைக்காலத்திலும் நிரம்பி, உபரி நீர் வழிந்து வீணாகப் போய்க்கொண்டிருந்தது. இன்னும் சில அடி தேக்கலாமே என்று யாருக்கும் தோன்றும். ஆனால் சுவரை உயர்த்தினால், பெரிய வெள்ளம் வரும்போது தண்ணீர் வெளியேற வழி இருக்காது. தேக்கினால் ஆபத்து, விட்டால் நஷ்டம். அணை என்றாலே இந்த இழுபறிதான்.

விஸ்வேஸ்வரய்யா உபரி நீர் வழியும் இடத்தில் தானியங்கி ஷட்டர்களைப் பொருத்தினார். குறிப்பிட்ட மட்டம் வரை ஷட்டர் மூடியே இருக்கும். அதைத் தாண்டினால் தண்ணீரின் எடையே ஷட்டரைத் திறந்துவிடும். மட்டம் இறங்கினால் தானாக மூடிக்கொள்ளும். நடுராத்திரியில் வெள்ளம் வந்தால் ஆள் எழுந்து போய்ச் சக்கரம் சுற்ற வேண்டியதில்லை. 1903 வாக்கில் இது நடைமுறைக்கு வந்தது, அணையை உயர்த்தாமலே சுமார் 8 அடி கூடுதலாகத் தேக்க முடிந்தது. இதற்குக் காப்புரிமை வாங்கியவர், அரசிடம் இருந்து அதற்கான பணத்தை வாங்க மறுத்துவிட்டார். அரசு வேலையில் இருந்துகொண்டு செய்த கண்டுபிடிப்புக்குத் தனியாகக் காசு எதற்கு என்பது அவர் கணக்கு.

அடுத்த வெள்ளம் எவ்வளவு பெரிதாக வரும் என்பதை ஷட்டர் சொல்லாது. அந்தக் கேள்வியை அவர் நேருக்கு நேர் பார்த்தது மூசிக் கரையில்தான்.

788 ஏரிகள், 221 உடைப்புகள்

ஐதராபாத்துக்கு மேலே மூசியின் நீர்ப்பிடிப்புப் பகுதி 862 சதுர மைல். அதாவது, அவ்வளவு பரப்பில் பெய்யும் மழை எல்லாம் கடைசியில் நகரத்தின் வழியாகத்தான் போயாக வேண்டும். மூசியும் அதன் துணை ஆறான ஈசியும் சேர்ந்து கொண்டுவரும் தண்ணீர் இது.

அந்தப் பரப்பில் 788 ஏரிகள் இருந்தன. கிட்டத்தட்ட சதுர மைலுக்கு ஒரு ஏரி. சாதாரண மழையில் இவை வெள்ளத்தைப் பிடித்து வைக்கும், ஊருக்குப் பாதுகாப்பு. அசாதாரண மழையில் விஷயம் தலைகீழ். மேலே ஒரு ஏரியின் கரை உடைந்தால் அந்தத் தண்ணீர் மொத்தமும் அடுத்த ஏரிக்கு ஒரே மூச்சில் வரும். அதன் கலிங்கு அவ்வளவு தண்ணீரைத் தாங்கக் கட்டப்பட்டது இல்லை, அதுவும் உடையும். இப்படி 1908-ல் உடைந்தவை 221 ஏரிகள். பெரும்பாலானவை ஈசி ஆற்றுப் பக்கம். மழை ஒரு வெள்ளத்தை அனுப்பியது என்றால், உடைந்த கரைகள் இன்னொன்றைச் சேர்த்து அனுப்பின.

நகருக்கு அருகே இருக்கும் ஷம்ஷாபாத்தின் மழைமானியில் 24 மணி நேரத்தில் 12.8 அங்குலம், சுமார் 32.5 செ.மீ. மழை பதிவாகியிருந்தது. 48 மணி நேரக் கணக்கு கிட்டத்தட்ட 19 அங்குலம். இன்று விமான நிலையம் இருக்கும் அதே ஷம்ஷாபாத்தான்.

இங்கே ஒரு சின்னக் கணக்கு போட்டுப் பார்த்தால் பிரச்சினையின் அளவு புரியும். 862 சதுர மைல் முழுக்க ஒரே ஒரு அங்குல மழை பெய்து, அது முழுவதும் ஆற்றுக்கு வந்தால் 2 டிஎம்சி தண்ணீர். நிஜத்தில் எல்லா இடத்திலும் ஒரே மாதிரி பெய்யாது, கொஞ்சம் மண்ணுக்குள்ளும் போகும். ஆனாலும், பெய்தது 1 அங்குலம் இல்லை.

மொத்தத் தண்ணீரைவிட ஆபத்தானது அதன் வேகம். வெள்ளம் உச்சத்தில் இருந்தபோது நகருக்குள் வந்தது நொடிக்கு சுமார் 4.25 லட்சம் கனஅடி என்று கணக்கிடப்பட்டது. லிட்டரில் சொன்னால் 1.2 கோடி. 12,000 லிட்டர் தண்ணி லாரிகள் ஆயிரம், ஒவ்வொரு நொடியும் உங்களைக் கடந்து போவதாக நினைத்துக்கொள்ளுங்கள். அந்த வேகத்தில் 1 டிஎம்சி போக 40 நிமிடம்கூட ஆகாது.

காலி இடமும் ஒரு சொத்து

ஆற்றை ஆழப்படுத்து, கரையை உயர்த்து என்றுதான் யாரும் முதலில் சொல்வார்கள். விஸ்வேஸ்வரய்யாவும் கரைகளை உயர்த்தச் சொன்னார், கரையோரம் சாலையும் பூங்காவும் போடச் சொன்னார். ஆனால் அது மட்டும் போதாது என்பது எண்களைப் பார்த்தாலே தெரியும். நகருக்குள் 4.25 லட்சம் கனஅடிக்கு இடம் விட வேண்டும் என்றால் பாதி ஊரை இடிக்கணும்.

அதனால் நகருக்கு மேலேயே வெள்ளத்தைத் தடுத்து நிறுத்த இரண்டு நீர்த்தேக்கங்களை அவர் பரிந்துரைத்தார். மூசியில் ஒன்று, ஈசியில் ஒன்று. உச்சத்தில் வரும் தண்ணீரை இவை வாங்கி வைத்துக்கொள்ளும். ஆறு தாங்கும் அளவுக்கு மட்டும் கீழே விடும். வேலை இவ்வளவுதான். ஆனால் இதற்கு ஒரு நிபந்தனை உண்டு. வெள்ளம் வரும் நேரத்தில் தேக்கத்தில் காலி இடம் இருக்கணும். விளிம்பு வரை நிரம்பிய ஏரியால் வெள்ளத்தை அதிகம் பிடிக்க முடியாது.

1909 அக்டோபரில் அறிக்கையைக் கொடுத்துவிட்டு, அடுத்த மாதமே மைசூரு சமஸ்தானத்தின் தலைமைப் பொறியாளர் ஆகிவிட்டார். மூசி மேல் உஸ்மான் சாகர் 1920-லும், ஈசி மேல் ஹிமாயத் சாகர் 1927-லும் கட்டி முடிக்கப்பட்டன. இரண்டும் சேர்ந்து இன்று சுமார் 6.9 டிஎம்சி பிடிக்கும். 1908 உச்ச வேகத்தில் தண்ணீர் வந்தால், முழுக்கக் காலியாக இருந்தாலும் நாலரை மணி நேரத்தில் நிரம்பிவிடும். உச்சம் அவ்வளவு நேரம் நீடிக்காது என்பதுதான் இந்த ஏற்பாட்டின் பலம். இதே ஏரிகள்தான் நகரின் குடிநீருக்கும் என்று ஆனது அதன் பலவீனம். கோடையை நினைத்தால் ஏரி நிறைந்திருக்கணும், செப்டம்பரை நினைத்தால் குறைந்திருக்கணும்!

மைசூரில் அவர் செய்தது தமிழர்களுக்கு வேறு காரணத்துக்காகத் தெரியும். காவிரியில் கிருஷ்ணராஜ சாகர் அணைக்கு 1911-ல் வேலை ஆரம்பமானது, சென்னை மாகாணம் எதிர்த்தது, அந்த வழக்கு 1924 ஒப்பந்தம் வரை இழுத்தது. புனேயில் பார்த்த தானியங்கி ஷட்டர்கள் இந்த அணையிலும் வந்தன. 1912 முதல் 1918 வரை திவான், 1955-ல் பாரத ரத்னா.

நூறு வயதில் வந்த செய்தி

1961 ஜூலை 12. புனேவுக்கு மேலே, கட்டுமானம் முழுதாக முடியாத பான்ஷெட் மண் அணை உடைந்தது. அந்தத் தண்ணீர் கீழே இருந்த கடக்வாஸ்லாவுக்கு வந்து அதையும் உடைத்துக்கொண்டு புனேவுக்குள் போனது. அறுபது ஆண்டுகளுக்கு முன் விஸ்வேஸ்வரய்யா ஷட்டர் பொருத்திய அதே அணை. மேலே ஒன்று உடைந்ததால் கீழே ஒன்று உடைந்தது. 1908-ல் ஐதராபாத் ஏரிகளுக்கு நடந்ததும் இதுதான், அளவுதான் பெரிது. அப்போது அவர் உயிரோடு இருந்தார். அடுத்த ஆண்டு ஏப்ரல் 14 அன்று, நூறு வயதைக் கடந்து, பெங்களூரில் காலமானார்.

இதுவரை வந்த வெள்ளத்தில் பெரியது எதுவோ, அதைத் தாங்கினால் போதும் என்ற எண்ணத்தை இந்தியாவில் பெரிய அளவில் உடைத்தது குஜராத்தின் மச்சு-2 அணை. 1979 ஆகஸ்ட் 11 அன்று, வடிவமைக்கப்பட்ட அளவைப் போலக் கிட்டத்தட்ட மூன்று மடங்கு வெள்ளம் வந்து, மண் கரைகளுக்கு மேலே ஏறி வழிந்து அணையை அடித்துச் சென்றது. கீழே இருந்த மோர்பி நகரில் ஆயிரக்கணக்கானோர் இறந்தார்கள்.

அதனால் இப்போது கேள்வியையே மாற்றிக் கேட்கிறார்கள். இங்கே இதுவரை எவ்வளவு பெய்தது என்று மட்டும் பார்ப்பதில்லை. இயற்கையால் அதிகபட்சம் எவ்வளவு பெய்ய வைக்க முடியும் என்று கணக்கிடுகிறார்கள். அந்த வட்டாரத்தில் பதிவான மிகப் பெரிய புயல்மழையைக் காகிதத்தில் அப்படியே தூக்கி, இந்த அணையின் நீர்ப்பிடிப்புப் பகுதிக்கு மேலே வைப்பார்கள். காற்றில் இருக்கக்கூடிய அதிகபட்ச ஈரப்பதத்தை அதில் சேர்ப்பார்கள். அப்படிப் பெய்தால் வரும் வெள்ளத்தை அணை தாங்கணும். இந்தியத் தர நிர்ணயப்படி 6 கோடி கனமீட்டருக்கு மேல், அதாவது சுமார் 2.1 டிஎம்சிக்கு மேல் கொள்ளளவு உள்ள அணைகளுக்கு இதுதான் விதி. உஸ்மான் சாகர், ஹிமாயத் சாகர் இரண்டுமே அந்த வரம்புக்கு மேலே.

2020 அக்டோபரில் ஐதராபாத்தின் கிழக்கே காட்கேசர் பகுதியில் ஒரே நாளில் சுமார் 32 செ.மீ. பெய்தது. 1908-ல் ஷம்ஷாபாத்தில் பெய்த அதே அளவு. ஆனால் அந்த இடம் இரண்டு நீர்த்தேக்கங்களுக்கும் கீழே இருக்கிறது. அங்கே விழுந்த மழையை அவற்றால் ஒன்றும் செய்ய முடியாது. நகருக்குள் இருந்த ஏரிகள் நிரம்பி வழிந்தன, குர்ரம் செருவு என்ற ஏரியின் கரை உடைந்து வீடுகளுக்குள் தண்ணீர் போனது. நெடுநாளுக்குப் பிறகு ஹிமாயத் சாகரின் ஷட்டர்களும் அப்போது திறக்கப்பட்டன.

இந்த இரு நீர்த்தேக்கங்களைச் சுற்றி 10 கி.மீ. வரை பெரிய கட்டுமானங்கள் கூடாது என்று 1996-ல் போடப்பட்ட அரசாணை 111-ன் கட்டுப்பாடுகளை 2022 ஏப்ரலில் தெலங்கானா அரசு நீக்கியது. குடிநீருக்கு நகரம் இப்போது இவற்றை முன்போல நம்பியிருக்கவில்லை என்பது அரசு சொன்ன காரணம். மண்ணாக இருக்கும் வரை பெய்யும் மழையில் ஒரு பகுதி உள்ளே இறங்கும், மீதி நிதானமாக ஏரிக்கு வரும். அதே இடம் கான்கிரீட் ஆனால் கிட்டத்தட்ட முழு மழையும் வரும், அதுவும் சீக்கிரமாக. ஒரு அங்குல மழைக்கு அணைக்கு எவ்வளவு தண்ணீர், எத்தனை மணி நேரத்தில் வரும் என்ற கணக்கை அங்கே புதிதாகத்தான் போட வேண்டியிருக்கும்.