எலும்பை அளந்த தாமஸ் டுவைட்

எரிந்துபோன எலும்பு ஆணுடையதா, பெண்ணுடையதா? தடய அறிவியல் பாடத்துக்காக இந்தக் கேள்வியைத் தேடிப் படித்தபோதுதான் தாமஸ் டுவைட் எனக்கு அறிமுகமானார். அமெரிக்கத் தடயவியல் மானிடவியலின் தந்தை என்று இவரைக் குறிப்பிடுகிறார்கள்.

டுவைட் 1843இல் பாஸ்டன் நகரில் பிறந்தார். அவருக்கு ஆறு வயதானபோது, 1849 நவம்பரில், அந்நகரையே உலுக்கிய கொலை ஒன்று நடந்தது. ஹார்வர்ட் மருத்துவக் கல்லூரிக்குச் சென்ற ஜார்ஜ் பார்க்மன் என்ற செல்வந்தர் திரும்பவே இல்லை. வேதியியல் பேராசிரியர் ஜான் வெப்ஸ்டரின் ஆய்வுக்கூடப் பகுதியில் உடற்பாகங்கள் சிக்கின. அங்கிருந்த உலையின் சாம்பலில் எலும்புத் துண்டுகளும் பொய்ப்பற்களும் கிடந்தன. அவற்றைச் செய்துகொடுத்த பல் மருத்துவரே நீதிமன்றத்தில் அடையாளம் காட்டினார். 1850இல் வெப்ஸ்டர் தூக்கிலிடப்பட்டார். அந்தப் பற்களும் எரிந்து போயிருந்தால் வழக்கு என்னவாகியிருக்கும் என்று யோசித்துப் பார்த்தேன்.

டுவைட் 1867இல் ஹார்வர்டில் மருத்துவப் பட்டம் பெற்றார். 1883இல் அங்கேயே உடற்கூற்றியல் பேராசிரியரானார். அந்தப் பதவியின் பெயர் என்ன தெரியுமா? பார்க்மன் பேராசிரியர்! கல்லூரிக்கு நிலம் வழங்கியதற்காக, பார்க்மன் உயிரோடு இருந்தபோதே சூட்டப்பட்ட பெயர் அது.

எலும்புக்கூட்டை அடையாளம் காண்பது பற்றி 1878இல் அவர் எழுதிய கட்டுரை பரிசு பெற்றது. ஆனால் என்னைக் கவர்ந்தது 1905ஆம் ஆண்டு ஆய்வுதான். இடுப்பெலும்பு கிடைத்தால் ஆணா பெண்ணா என்று சொல்வது ஓரளவு எளிது. அது இல்லையென்றால்? டுவைட் நீண்ட எலும்புகளின் மூட்டு முனைகளை அளந்தார். தொடையெலும்பின் உருண்டைத் தலை ஆண்களுக்குச் சராசரியாக ஏறக்குறைய 50 மில்லிமீட்டர், பெண்களுக்கு 44. வெறும் 6 மில்லிமீட்டர்தான் வித்தியாசம்!

நெருப்பு கெடுப்பது இந்த 6 மில்லிமீட்டரைத்தான். சுமார் 800 டிகிரி செல்சியஸைத் தாண்டும்போது எலும்பு வெளுத்துச் சுருங்குகிறது. 10 விழுக்காடு சுருங்கினால் 50 மில்லிமீட்டர் 45 ஆகிவிடும். ஆணின் எலும்பு பெண்ணுடையதாகத் தோன்றும். காணாமல்போன ஓர் ஆணைத் தேடும் குடும்பத்திடம், இது அவரல்ல என்று சொல்லிவிட நேரும். டுவைட் அளந்தவை எரியாத எலும்புகள். அவர் 1911இல் மறைந்தார்.

எரிந்த எலும்புகளுக்கெனத் தனி அளவீடுகளைப் பின்வந்தவர்கள் உருவாக்கினர். இன்று ஆய்வாளர்கள் முதலில் நிறத்தையும் வெடிப்பையும் பார்த்து, எலும்பு எவ்வளவு சூட்டைத் தாங்கியது என்று கணிக்கிறார்கள். அதன் பிறகே அளவுகோலை எடுக்கிறார்கள். அளவு இரண்டுக்கும் நடுவில் விழுந்தால், பாலினம் உறுதி செய்ய இயலவில்லை என்றே அறிக்கையில் எழுதுகிறார்கள்.